விழுப்புரம் ஜங்ஷனுக்கு ஒரு மோட்டார்

"அதுல இன்னாதான் எழுதியிருக்குது? நீங்க படிக்கிற படிப்புக்கு அட்டையே தேஞ்சிபூடும் போல இருக்குது" என்றாள் கஸ்தூரி.

பலராமன் தபால் அட்டையை மறுபடியும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில வேலூரு ரயில்ல வந்து விழுப்புரம் ஜங்ஷன்ல எறங்குறாங்களாம். வேதகிரியும் அவர் சம்சாரமும். ஜங்ஷனுக்கு மோட்டார் அனுப்பணுமாம்."

"மோட்டாரா? அங்கிருந்துதான் வில்லியனூருக்கு ரயில் வருதே!"

"அந்தம்மாவுக்கு மூட்டு வலியாம். ரயில் மாறி ஏற முடியாதாம். 'தனி மோட்டார்'னு எழுதி அடியில கோடு வேற போட்டிருக்காரு."

பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த உறுவையாற்றில் பலராமனுக்கு நெல்லும் கரும்புமாக நல்ல நிலம் இருந்தது. இரண்டு ஜோடி மாடு இருந்தது. வில்வண்டி ஒன்று இருந்தது. மோட்டார் மட்டும் இல்லை. அவருக்கு என்ன, ஊரிலேயே யாருக்கும் இல்லை. பிரெஞ்சுக்காரன் போட்ட சாலையில் எப்போதாவது ஒரு மோட்டார் போனால், களை எடுப்பவர்கள் நிமிர்ந்து நின்று, புழுதி அடங்குகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனாலும் முடியாது என்று எழுதிவிட முடியாது. மகள் அமுதத்துக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. நான்கு இடம் வந்து தட்டிப்போயிற்று. ஒருவருக்கு உயரம் அதிகம், ஒருவருக்கு ஊர் தூரம், ஒருவருக்கு ஜாதகம். நான்காவது ஆள் காரணமே சொல்லாமல் போய்விட்டார். இந்த வேலூர் இடமோ தானாகத் தேடி வந்தது. வேதகிரியின் பையன் கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. ஜாதகம் பத்துக்குப் பத்துப் பொருந்தியிருப்பதாக வேதகிரியே தம் கைப்பட எழுதியிருந்தார்.

"மோட்டார்தானே? பாத்துக்கலாம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வில்லியனூருக்குக் கிளம்பினார் பலராமன்.

வில்லியனூரில் வாடகைக்கு விடுகிற மோட்டார் ஒன்றே ஒன்றுதான். ரைஸ்மில் அரங்கநாதனுடையது. மேலே கித்தான் கூரை போட்ட வண்டி. கல்யாண ஊர்வலமானாலும், கோர்ட்டுக்குச் சாட்சி கூட்டிப்போவதானாலும் அதுதான்.

"ஞாயித்துக்கிழமைதானே? தாராளமா எடுத்துக்க. நம்ம மரியதாஸ் ஓட்டுவான்" என்றார் அரங்கநாதன். "ஆனா ஒண்ணு. வண்டி எல்லையைத் தாண்டாது."

"ஏன், பழுதா?"

"வண்டிக்கு இன்னா பழுது? கல்லு மாதிரி இருக்குது. இங்கிலீஷ்காரன் பக்கம் போறதுக்குண்டான காகிதம் போன மாசத்தோட முடிஞ்சிபோச்சி. புதுசு வர ரெண்டு மாசம் ஆவும். இந்தாண்ட சுங்கச் சாவடி வரைக்கும் எப்ப வேணும்னாலும் வரும்."

பலராமன் வரப்பில் நடந்து வீடு திரும்புவதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். விழுப்புரத்தில் கஸ்தூரியின் தம்பி சுப்புராயன் எண்ணெய் மில்லில் மேஸ்திரி. ஜங்ஷனிலிருந்து எல்லை வரைக்கும் அவன் அந்தப் பக்கத்து மோட்டார் ஒன்றை அமர்த்திக் கூட்டி வந்துவிட்டால், எல்லையிலிருந்து இந்தப் பக்கத்து மோட்டாரில் ஏற்றிக்கொள்ளலாம். அன்றைக்கே கடுதாசி போட்டார். சனிக்கிழமை பதில் வந்தது. "மாமா, மோட்டார் பேசிவிட்டேன். கவலைப்படாமல் இருக்கவும்."

"ரெண்டு பேருக்கு ரெண்டு மோட்டாரு" என்றாள் கஸ்தூரி. "கவர்னரு துரைகூட ஒண்ணுலதான் போறாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே மரியதாஸோடு எல்லைக்குப் போய்விட்டார் பலராமன். சரிகை வேட்டி, தேய்த்த சட்டை, நெற்றியில் சந்தனம். சாவடியைத் தாண்டாமல், இந்தப் பக்கத்துப் புளியமரத்தடியில் மோட்டார் நின்றது. ஒன்பதரைக்கு வரவேண்டியவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். வந்த மோட்டாரும் அந்தப் பக்கத்துச் சாவடிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அதற்கும் இந்தப் பக்கம் வரக் காகிதம் இல்லை என்பது பலராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மோட்டாருக்கும் நடுவே கால் மைல் வெயில் கிடந்தது.

பலராமன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வேதகிரி கோட்டும் குடையுமாக இறங்கி நின்றார். அவர் மனைவி ருக்குமணி இறங்கவில்லை. கனத்த உடம்பு. ஒரு முழங்காலில் துணி சுற்றியிருந்தது. பின்னால் ஒரு படுக்கைச் சுருள், ஒரு தகரப் பெட்டி, மூடி போட்ட பெரிய பித்தளை அண்டா இரண்டு.

"வாங்க, வாங்க! பிரயாணமெல்லாம் சௌகரியமா?" என்றார் பலராமன், மூச்சு வாங்க.

"சௌகரியந்தான். எங்க உங்க மோட்டார்?"

"அதோ பாருங்க, புளியமரத்தடியில."

வேதகிரி குடையைச் சற்று உயர்த்திப் பார்த்தார். "மரம் தெரியுது" என்றார்.

சுப்புராயன் அதற்குள் சாமான்களை இறக்கி வைத்துவிட்டான். "மாமா, இந்த வண்டிக்காரன் வேற சவாரி ஒத்துகினு இருக்கானாம். நான் இதுலயே திரும்பிப் போயிடறேன்" என்று ஏறி உட்கார்ந்தான். மோட்டார் போய்விட்டது.

சாவடிச் சேவகர் வந்து சாமான்களைச் சுற்றி நடந்தார். அண்டாவைத் தட்டினார். மூடியைத் திறந்தார். இரண்டும் காலி.

"காலி அண்டா எதுக்கு?"

"வீட்டு உபயோகத்துக்கு" என்றார் வேதகிரி.

"வூட்டு உபயோகம் வூட்டுலதானே இருக்கணும்? பாண்டிச்சேரி பக்கம் காலிப் பாத்திரத்தோட போறவங்க திரும்பி வர்றப்ப அதுல இன்னா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பதினாலு வருசமா இங்கதான் நிக்கிறேன்."

வேதகிரியின் முகம் சிவந்தது. சம்பந்தி ஆகப் போகிறவரைச் சாராயக்காரர் என்கிறார்களே என்று பலராமனுக்குப் பதறிற்று. "ஐயா, இவங்க பொண்ணு பாக்க வந்தவங்க. அண்டா சீர் வைக்கிறதுக்கா இருக்கும். நான் ஜவாப்தாரி" என்று குறுக்கே விழுந்தார்.

"அப்ப எழுதிக் கொடுங்க."

பலராமன் எழுதிக் கொடுத்தார். மேற்படி இரண்டு அண்டாக்களில் சாராய வகையறா எதுவும் திரும்பி வராது, வந்தால் உறுவையாறு பலராமன் பொறுப்பு. கையெழுத்துப் போடும்போது வியர்வை சொட்டி மை கலைந்ததால், இன்னொரு தடவை எழுத வேண்டியிருந்தது.

அடுத்து ருக்குமணியைக் கால் மைல் நடத்த வேண்டும். அவர் இரண்டு அடி வைத்து, "ஐயோ, என்னால ஆவாது" என்று தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில் விழுப்புரம் சந்தையிலிருந்து ஒரு மாட்டுவண்டி காலியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பலராமன் இரண்டு கையையும் விரித்து அதை மறித்தார். ருக்குமணியை ஏற்றி, பக்கத்தில் அண்டாக்களையும் வைத்த பிறகுதான் வாடை வந்தது.

"இது இன்னாப்பா வண்டி?" என்று வண்டிக்காரனிடம் மெதுவாகக் கேட்டார்.

"கருவாட்டு வண்டிங்க. காலையிலதான் எறக்கினேன். சூடு ஆறல."

புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது ருக்குமணி மூக்கைப் புடவையால் மூடியிருந்தார். புடவையும் இப்போது அதே வாடைதான் அடித்தது. மரியதாஸ் வண்டிக் கதவைத் திறந்துவிட்டு, தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போனான்.

மோட்டார் கிளம்பி இரண்டு மைல் ஓடிற்று. பலராமன் முன்னால் மரியதாஸ் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு அண்டாவை அணைத்துக்கொண்டிருந்தார். வெடிச் சத்தம் கேட்டது. பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது.

"வேற டியூப் இருக்குதா?"

"இருந்துதுங்க. போன வாரந்தான் அதுவும் வெடிச்சிது."

"இப்ப இன்னா செய்யறது?"

"டயருக்குள்ள வைக்கோல் அடைச்சா ஓடும். மெதுவாத்தான் போவணும்."

பக்கத்தில் வைக்கோல்போர் ஒன்று இருந்தது. பலராமன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் பிடுங்கத் தொடங்கினார். போருக்குச் சொந்தக்காரர் கம்போடு ஓடி வந்தார். சரிகை வேட்டி கட்டிய ஆசாமி ஏன் வைக்கோல் திருடுகிறார் என்று அவருக்கு விளங்க வெகு நேரமாயிற்று. விளங்கிய பிறகு அவரே இரண்டு கட்டு சேர்த்துக் கொடுத்தார். "பொண்ணு பாக்கறதுன்னா சும்மாவா? எடுத்துகினு போங்க" என்றார்.

வைக்கோல் அடைத்த சக்கரத்துக்குப் பாரம் ஆகாது என்று மரியதாஸ் சொன்னதால் பலராமன் இறங்கி நடந்தார். மோட்டார் அவருடைய நடை வேகத்தில் வந்தது. வில்லியனூர்க் கடைத்தெருவில் அவர் சந்தனமும் வேர்வையுமாக முன்னால் நடக்க, பின்னால் மோட்டாரில் இருவர் நிமிர்ந்து உட்கார்ந்து வர, கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ புதுத் துரை என்று நினைத்து இரண்டு பேர் கும்பிட்டார்கள். வேதகிரியும் வேறு வழியில்லாமல் திருப்பிக் கும்பிட்டார்.

வீடு வந்தபோது மணி மூன்றரை. பத்து மணிக்கு வைத்திருந்த நல்ல நேரம் எப்போதோ போய்விட்டது. காலையில் கிளறிய கேசரி கல்லாகியிருந்தது. அமுதம் கட்டிய பட்டுப்புடவையோடு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி எழுந்திருந்தாள்.

அவள் வந்து கும்பிட்டு நிமிர்வதற்குள் வேதகிரி எழுந்துவிட்டார்.

"பொண்ணு மகாலட்சுமி. நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள கிளம்பிடணும்."

"ஒரு வாய் சாப்பிட்டு..." என்றார் பலராமன்.

"அதெல்லாம் வேணாங்க. பொண்ணு பார்த்த கையோட சமுத்திர ஸ்நானம் பண்ணிட்டு, ஈரத்தோட சம்மதம் சொல்றது எங்க வம்சத்து வழக்கம். கடற்கரை வரைக்கும் மோட்டார் வரும் இல்லையா? அண்டாவை இறக்க வேணாம், வண்டியிலேயே இருக்கட்டும்."

பலராமன் உள்ளே போனார். கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காந்து ரெண்டு வார்த்த பேசல. அவ பேரைக்கூடக் கேக்கல. கோவமா போறாங்க. எல்லாம் உங்க மோட்டார் ஏற்பாட்டாலதான். கருவாட்டு வண்டியில ஏத்தினா எந்தச் சம்பந்தி சிரிப்பாங்க?"

"மாப்ள ஏன்பா வரல?" என்றாள் அமுதம்.

"ஆபீசுல லீவு கெடைக்கலியாம். நீ சும்மா இரு" என்றார் பலராமன். மகளின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. ஐந்தாவது இடமும் தட்டிப் போனால், அது அவளால் அல்ல, தன்னால் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. "அழாத கஸ்தூரி. கடல்ல குளிச்சா கோவம் ஆறும். நானே கூடப் போய் நல்லபடியா கவனிச்சிக் கூட்டியாரேன்."

இதற்குள் மரியதாஸ் எங்கிருந்தோ ஒரு டியூப் வாங்கி ஒட்டுப்போட்டு மாட்டியிருந்தான். அந்த நாளில் முதல் தடவையாக மோட்டார் மோட்டார் மாதிரி ஓடியது. வீராம்பட்டினம் கடற்கரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்து காற்று வீசிக்கொண்டிருந்தது.

மணலில் ருக்குமணியைப் பலராமன் கைத்தாங்கலாக நடத்திப் போனார். முதல் அலை காலில் பட்டதும் அந்தம்மாள் அவர் கையை விட்டுவிட்டுத் தானாகவே இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டார். வேதகிரி கோட்டைக் கழற்றிப் பலராமன் தோளில் போட்டுவிட்டுப் பின்னாலேயே இறங்கினார். இருவரும் குதித்துக் குதித்து, அலைக்கு முதுகைக் காட்டி, ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை இறைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் குளித்தார்கள். மரியதாஸ் அண்டாக்களில் கடல் தண்ணீர் மொண்டு மூடி போட்டு வண்டியில் ஏற்றினான். சுவாமிக்கு அபிஷேகம் செய்வதற்காக இருக்கும் என்று பலராமன் நினைத்துக்கொண்டார்.

கோட்டும் குடையும் இரண்டு ஜோடிச் செருப்புமாக அவர் கரையில் நின்றார். பசி காதை அடைத்தது. ஆனாலும் மனம் லேசாகிவிட்டது. இவ்வளவு சிரிப்புச் சிரிக்கிறவர்கள் கோபக்காரர்களாக இருக்க முடியாது. கருவாட்டு வண்டியைக்கூட நாளைக்குக் கல்யாணப் பந்தலில் சொல்லிச் சிரிப்பார்கள். வைகாசியில் வைத்துக்கொள்ளலாம். மேளத்துக்குத் திருக்கனூர் ஆட்களைச் சொல்லிவிட வேண்டும். அமுதத்திடம் போய் எந்த வார்த்தையில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டார்.

இருவரும் சொட்டச் சொட்டக் கரையேறினார்கள். வேதகிரி கைகூப்பினார். பலராமனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"பலராமன், உங்க மனசு யாருக்கும் வராது" என்று தொடங்கினார் வேதகிரி. "சம்மதத்தைப் பத்தி ஊருக்குப் போனதும் உடனே..."

சற்றுத் தள்ளி நெத்திலி காய வைத்துக்கொண்டிருந்த மீன்காரி காசம்மாள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். நெற்றியில் கையைக் குவித்து ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, அலைச் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்தாள்.

"அட, வேலூரு ஐயாவும் அம்மாவுமா! கோடையில திருக்கனூரு, அதுக்கு முன்ன கிருமாம்பாக்கம், இந்த வாட்டி எந்தூர்ல பொண்ணு பாத்துட்டுக் குளிக்க வந்திருக்கீங்க?"