தொண்ணூறு பர்சென்ட் முனுசாமி

கோபக்காரி என்று எனக்குப் பெயர். நியாயமான பெயர்தான். ஆனால் கோபப்பட்டே ஆக வேண்டிய ஒரு நாளில் நான் பல்லைக் காட்டிச் சிரித்துத் தொலைத்தேன்.

கல்லூரி ஆன்லைனுக்குப் போன வருஷம். நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. பம்மலில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன், அதுவும் அப்பாவுடையது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு தன் கிரில் பட்டறைக்குப் போவார். நடுவில் யாராவது "இரும்பு கேட்டு எப்ப ரெடியாவும்?" என்று கூப்பிட்டால் வகுப்பு அறுந்துவிடும். பெருங்களத்தூர் அடுக்குமாடித் தோழிகளோ தனி அறையில், தனி லேப்டாப்பில், தலைவாரிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பார்கள். (பொறாமையா? ஆமாம், வயிறு எரிந்தது.)

பரீட்சைக்கு முன் வருகைப் பட்டியல் வந்தது. எனக்குப் பூஜ்யம்! பரீட்சை எழுத முடியாதாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினேன்.

மற்ற ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்த அறையில் துறைத்தலைவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். எங்களுக்குப் பாடம் எடுத்தவரும் அவர்தான்.

"உன் பேரே இல்லையேம்மா. ஆனா 'முனுசாமி கிரில் ஒர்க்ஸ்'னு ஒருத்தர் தொண்ணூறு பர்சென்ட் வந்திருக்காரு. யாரு இவரு?"

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். "நான்தான் சார். ஆனா சத்தியமா ஒரு நாளுகூட கிளாஸ் உள்ள வர்ல சார். போனை புள்ளகிட்ட குட்த்துட்டு வேலைக்குப் பூட்டேன்."

அறையே சிரித்தது. கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன். (யாராவது என்னை ஓங்கி அறைந்திருக்கலாம்.)

போனில் இருந்த பட்டறைப் பெயரே வகுப்பிலும் விழுந்திருக்கிறது. அதை மாற்றலாம் என்றே எனக்குத் தெரியாது.

"ரெண்டு செகண்ட் வேலை. இதுகூடத் தெரியாம எதுக்கும்மா டிகிரி?" என்றார் துறைத்தலைவர். ஒரு செமஸ்டர் முழுக்க அந்தப் பெயர் அவர் மூக்குக்கு முன்னால் நின்றது. "யாருப்பா அது?" என்று கேட்க எத்தனை செகண்ட் ஆகியிருக்கும்? அதை அன்றைக்கே கேட்காமல் "சரிங்க சார்" என்றேனே, மக்கு!

ரூல் ரூல்தான் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுதினேன்.

இப்போது எனக்குத் தாம்பரத்தில் வேலை. ஆனாலும் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அப்பாதான். "இன்னா பட்டதாரி, டீ வோணுமா?" என்பாள் அம்மா. "நாங்கல்லாம் தொண்ணூறு பர்சென்டு" என்று அவரும் மீசையைத் தடவுவார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அன்றைக்கே சிரித்துவிட்டேன்.