அப்பா மட்டும் அசைந்த படம்

செத்துப்போனவர்களைக்கூட நிம்மதியாக இருக்க விடாத ஒரே ஆள், டெல்டாவிலேயே எங்கள் ஷார்ப் அக்காதான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் ஸ்கேன் செய்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஷார்ப் பண்ணித்தான் தருவார். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது.

"கொஞ்சம் கம்மியா பண்ணுங்கக்கா" என்றால் போச்சு. "ஏன் தம்பி, மூக்குக்கண்ணாடிய வாங்கிப் பையில வச்சுக்கிட்டா பேப்பர் படிப்பீங்க?" என்று சீறுவார். ரயில் போகும்போது மட்டும் ஸ்கேனரைத் தொட மாட்டார், மேசை ஆடுமாம். அந்த கேட்டில் ரயிலுக்கா பஞ்சம்? ஒரு படத்துக்கு அரை நாள் ஆகும்.

அக்கா கைபட்டால் அத்தைகளுக்கு மீசை முளைக்கும். ஒருவர் கொண்டுவந்த தாத்தா படத்தில் பூச்சி அரித்த ஓட்டை. ஷார்ப் பண்ணியதில் அது கன்னத்து மச்சமாகிவிட்டது. "எங்க தாத்தாவுக்கு மச்சமே கிடையாதுங்க!" என்று பேரன் சண்டைக்கு வந்தார். கூட வந்த சித்தப்பாவோ உற்றுப் பார்த்துவிட்டு, "இருந்துச்சேடா! நான் கிள்ளி விளையாடியிருக்கேன்" என்றாரே பார்க்கலாம்! மச்சக் கட்சி, மச்சமில்லாக் கட்சி என்று பிரிந்து, அந்தக் குடும்பம் இன்றுவரை குலதெய்வத்துக்குத் தனித்தனியாகப் பொங்கல் வைக்கிறது.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் என் அப்பாவின் ஒரே படத்தைக் கொடுக்க வேண்டி வந்தது. நான் பிறந்த நாற்பதாம் நாள் அப்பா போய்விட்டார். யாரோ கல்யாணத்தில் பதின்மூன்று பேர் நிற்கும் படம், ஓரத்தில் அப்பா. கிளிக் பண்ணும்போது அசைந்துவிட்டதால் முகம் வெறும் மங்கல். புது வீட்டில் பெரிதாக மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கு அப்பா முகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவும் நானும் பக்கத்தில் நிற்க, அக்கா மவுஸை நகர்த்தினார். கண் வந்தது, மூக்கு வந்தது. "அம்மா, என்னை மாதிரியே இருக்காரும்மா!"

அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார். "இது யாருடா? அவரு இல்ல."

அக்கா விடுவாரா? ஷார்ப்பை ஏற்றினார், இறக்கினார். ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் வந்தார். ஒருத்தர் அசல் போலீஸ்காரர். அம்மா இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாரும் கம்பம் மாதிரி நிக்கிறாங்க. இவரு எதுக்கும்மா அசைஞ்சாரு?"

"இவன் வயித்துல இருந்தான். மாசமா இருக்கவ போட்டோல நிக்கக் கூடாதுன்னுட்டாங்க, தள்ளி நின்னேன். 'என்னங்க, காலர் மடிஞ்சிருக்கு'ன்னேன். திரும்பிட்டாரு."

எனக்கே தெரியாத கதை. அக்கா, அப்பா முகத்தில் செய்ததையெல்லாம் அழிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ, வேணாங்கக்கா! எனக்கு ஒரு முகமாவது வேணும்!" கத்தியேவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

"அது நான் செஞ்ச மூஞ்சி தம்பி. அவரு திரும்பிப் பாக்குறாரு. பாக்கட்டும், விடுங்க."

ஆனாலும் அக்கா அக்காதானே! மிச்சம் பன்னிரண்டு பேரையும் ஒரு கை பார்த்துவிட்டார். சட்டைப் பொத்தான், மாமாவின் தங்கப்பல், பந்தல் கயிற்று முடிச்சு, ஒன்றையும் விடவில்லை.

மகராசி, அந்த அக்கா நல்லா இருக்கணும். படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் தங்கப்பல்லைச் சீந்துவதில்லை. நேரே ஓரத்துக்குப் போய், "இவரு யாருங்க? யாரைப் பாக்குறாரு?" என்றுதான் கேட்கிறார்கள்.

"எங்க ரெண்டு பேரையுந்தான்" என்று அம்மா உள்ளேயிருந்து பதில் சொல்கிறார்.