செம்புக்கு மேல் குடியிருப்பவனின் ஆட்சேபணை

சிங்கோலா,
அக்டோபர். மழை இன்னும் வரவில்லை.

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, முப்பத்தொரு வருடம் பூமிக்கடியில் செம்புப் பாறையில் துளை போட்டு, இப்போது பூமிக்கு மேலே சும்மா உட்கார்ந்திருக்கும் ஃபெஸ்டஸ் புவெம்பியா வணக்கத்துடன் எழுதுவது. நானும் மனைவியும் நலம். தங்கள் அச்சு யந்திரமும் நலமாக இருக்கட்டும். இந்த வினைக்கெல்லாம் அதுதான் காரணம்.

"பத்தே வருஷத்தில் ஜாம்பியாவின் செம்பு மூன்று மடங்காகும்" என்று தாங்கள் முதல் பக்கத்தில் போட்ட மறுவாரமே எங்கள் தெருவில் ஆய்வுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களின் அதிகாரி ஜெரே ங்கோனி இனத்தான். நான் பெம்பா இனம். பாட்டன்மார் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்திக்கொண்டதால் பேரன்மார் பார்த்த இடத்தில் கேலி பேசியே தீர வேண்டும், இழவு வீடானாலும் கோபிக்கக் கூடாது என்பது தாங்கள் அறிந்த முறைதானே. வாசலில் நின்றபடியே, "ஏய் குரங்கு தின்னி! அடியில செம்பு இருக்காம், உன் வீட்டை இடிக்கப்போறோம். கையெழுத்தப் போடு" என்றான். "போடா எலி தின்னி! வீட்டோட என் பெண்டாட்டியையும் தூக்கிட்டுப் போ" என்று சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். அவனும் சிரித்தான். மறுநாள் காலையில் பார்த்தால் தோட்டத்தில் துளைபோடும் யந்திரம் நிற்கிறது, மனைவி நட்ட பூசணிக்கொடியின் மேலேயே! ஓடிப்போய்க் கேட்டதற்கு, "கேலி கேலிதான் மச்சான். ஆனா காகிதம் ஆபீஸ் காகிதமாச்சே" என்கிறான்.

"கசோண்டே அப்பா, இத்தனை வருஷம் பாறைக்குத் துளை போட்டீங்க, இப்ப வீட்டுக்கே போட்டுட்டீங்களே" என்று சொன்ன மனைவி, மூன்று நாளாகக் கருவாட்டைக் கண்ணில் காட்டாமல் வெறும் சோளக்களி போடுகிறாள். அடுத்த வீட்டு சிலெஷே சுரங்க ஆபீஸில் நாற்காலி தேய்த்தவர், ஒரு நாளும் உள்ளே இறங்காதவர். அவர் வேலியோரம் வந்து, "நாடு முன்னேறணும்னா நாமதான் விட்டுக்கொடுக்கணும்" என்று எனக்குப் பாடம் நடத்துகிறார். நாட்டுக்கு நான் கொடுக்காததா? இடது காது கேட்காது. வலது கையில் இரண்டு விரல் இல்லை. மிச்சமிருப்பது இந்த வீடு, என் கையால் நீலம் அடித்தது. நகர மாட்டேன். வேண்டுமானால் என்னையும் பாறையென்று நினைத்து வெடி வைக்கட்டும். கேலிக்குப் போட்ட கையெழுத்து செல்லாது என்று பெரிய எழுத்தில் போடவும். நாட்டின் எதிர்காலம் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் வீட்டார் அனைவருக்கும் நல்ல மழையும் நிறைந்த சோளமும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு, அசையாத
ஃபெஸ்டஸ் புவெம்பியா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஜெரே வந்தான். "பிழைச்சே மச்சான்! உன் வீட்டுக்கு அடியில வெறும் மண்ணு. செம்பு வேலிகிட்ட திரும்பி சிலெஷே கக்கூஸுக்குக் கீழ போவுது" என்றான். ஒரு நாளும் இறங்காத மனுஷனின் கக்கூஸுக்குக் கீழே! அவர் இப்போது டை கட்டிக்கொண்டு வேலியோரம் உலாத்துகிறார். "ஒரு துண்டுகூடவா இல்ல?" என்று மனைவி இரண்டு தடவை கேட்டுவிட்டாள். எனக்கு நெஞ்சு எரிகிறது. சொன்னவன் ங்கோனி, ஆகவே இது கேலியாகத்தான் இருக்க வேண்டும். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, புவெம்பியா வீட்டில் இன்னும் ஆழமாகத் துளை போட வேண்டும் என்று பெரிய எழுத்தில் போடவும். என் கையெழுத்து செல்லும். கட்டிலைக்கூட வாசலில் எடுத்துப் போட்டாயிற்று.