கோடு விழட்டும், வரேன்

பழனியப்பனின் எட்டாவது பேட்ச் மீன்குஞ்சுகளும் செவ்வாய்க்கிழமை காலையில் கூண்டோடு செத்துப் போயின. முந்நூறு உயிர். தொட்டியின் அடியில் நொய்யரிசி மாதிரிக் கிடந்தன. மனுஷன் பல்கூட விளக்காமல் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கிரேன் ஓட்டிய கை அது. நாற்பது டன் கண்டெய்னரைப் பூப்போல இறக்கி வைக்கும். ஆனால் பண்டமாரானில் இருக்கும் தன் வீட்டு ஹாலில், உப்புத்தண்ணித் தொட்டியில், ஒரு கோமாளி மீன்குஞ்சை ஆறு நாளைக்கு மேல் உயிரோடு வைத்திருக்க அதற்குத் துப்பில்லை. பத்தாம் நாள் வாக்கில் குஞ்சின் உடம்பில் வெள்ளைக் கோடு விழும். விழுந்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இவர் வீட்டில் அந்தப் பத்தாம் நாள் வந்ததே இல்லை.

விஷயம் மீனோடு நிற்கவில்லை. பழனியப்பனுக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி அஞ்சு மாசமாகிறது. இதே ஆபரேஷனுக்கு அவர் தம்பி குரு சிரித்துக்கொண்டே நடந்து போனான். பிண வேனில்தான் திரும்பி வந்தான். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்றாலே இவருக்கு அந்த வேன்தான் ஞாபகம் வரும். பயமாயிருக்கிறது என்று பெண்டாட்டி குமுதாவிடம் சொல்ல வெட்கம். மீன் இருக்கிறது, சாக்குச் சொல்லிக்கொள்ள.

"வர்ற திங்கட்கிழமை அட்மிஷன். ஞாபகம் இருக்கா?" என்றாள் குமுதா.

"எப்படி வர்றது? பெரிய மீன் மறுபடியும் முட்டை போட்டிருக்கு. திங்கட்கிழமைதான் பொரியும்."

"பொரிஞ்சா பொரியட்டும்."

"மணிக்கு ஒரு தடவை பாக்கணும்லா. விளையாட்டா?"

"மூணு தடவை அட்மிஷன் தேதி மாத்தியாச்சு. நர்ஸு என் குரலைக் கேட்டாலே 'மீன் ஆன்டி'ங்குறா."

"ஒரு குஞ்சுக்குக் கோடு விழட்டும். அன்னைக்கே வரேன். முருகன் மேல சத்தியம்."

"ஒண்ணு போதுமா?"

"ஒண்ணே போதும்."

குமுதா துவைக்கிற துணியை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனாள். இவ்வளவு சுலபமாக ஜெயித்தது பழனியப்பனுக்கே கொஞ்சம் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டார். சுவரில் ஷிஃப்டு அட்டவணை ஒட்டினார். மணிக்கு ஒருமுறை வெளிச்சம் அடிக்கணும், குஞ்சுகளை எண்ணணும், தண்ணியைப் பாதி மாத்தணும். துறைமுகத்தில் கற்ற ஒழுங்கு. குஞ்சுகளுக்கு ஊட்டும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை அவர் பாட்டிலில் வளர்த்து வந்தார். அதில் பாதியைக் காணோம். கேட்டதற்கு, "வெயில்ல வத்தியிருக்கும்" என்றாள் குமுதா. நம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஒரு பை கட்டி வைத்திருந்தது.

"கொஞ்சம் வாஷிங் மெஷின்கிட்ட வாங்க" என்றாள் குமுதா.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் போனதே கிடையாது. எதை ஒளிக்கவும் அதைவிடப் பத்திரமான இடம் அந்த வீட்டில் இல்லை. மெஷினுக்குப் பின்னால் கறுப்புத் துணி போர்த்திய வாளி. உள்ளே காற்றுக்குழாய் மெல்லக் குமிழி விட்டது. குமுதா துணியை விலக்கினாள்.

நாற்பது குஞ்சு இருக்கும். ஆரஞ்சு உடம்பு. எல்லாவற்றுக்கும் வெள்ளைக் கோடு.

பழனியப்பன் அப்படியே குந்திவிட்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. சந்தோஷம் பாதி, மாட்டிக்கொண்ட கிலி பாதி.

"போன வாரம் செத்த பேட்ச் பொரிஞ்ச மறுநாள் உங்க தொட்டியிலேர்ந்து ஒரு கப் மொண்டேன்."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான். ஏழு தடவை நீங்க என்னென்ன செய்யுறீங்கன்னு பாத்தேன். அதெல்லாம் செய்யாம விட்டேன்."

"டார்ச் அடிக்கல?"

"இல்ல."

அவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அஞ்சு மாசமாகச் சொல்லாததைச் சொன்னார். "குமுதா, குரு மாதிரி நானும் வராம போயிட்டா?"

குமுதா துணியை மறுபடி வாளிமேல் இழுத்துப் போர்த்தினாள். "எனக்கும் பயம்தான். ராத்திரியெல்லாம் நீங்க மூச்சு விடுறீங்களான்னு பாத்துட்டுப் படுத்திருக்கேன். அது இனிமே என்னால முடியாது."

அவர் எழுந்தார். சட்டை மாற்றினார். கிராப் டாக்ஸி வாசலில் வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு டாக்ஸிக் கதவுவரை போய் நின்றுகொண்டார். கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"இதுங்களை யாரு பாத்துக்குவா?"

"நீங்க பாக்காததாலதான் இதுங்க உயிரோட இருக்கு. ஏறுங்க."