கசங்காத புத்தகங்கள்

போனை வைத்ததும் காப்பாளர் அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பிள்ளைகள் படிக்கட்டும் என்று ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தும் வாசிப்பு அறைக்கு அவர்தான் காப்பாளர். இன்னும் சற்று நேரத்தில் ஆபீஸ் அம்மா பார்வையிட வருகிறார். புத்தகங்களைப் பிள்ளைகள் தொட்ட அடையாளமே இல்லையென்றால் அறையை மூடிவிடுவார்களாம். மூடினால் வேலை போச்சு. பின்னால் ஒட்டியிருக்கும் குடியிருப்பும் போச்சு.

அலமாரியைத் திறந்தார். அத்தனையும் கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று நின்றன. பொட்டுத் தூசி கிடையாது. எல்லாம் பூட்டின் மகிமை. மத்தியானம் தூங்கும்போதுகூடச் சாவி தலையணைக்கடியில்தான். பிள்ளைகளை அவர் நம்புவதில்லை. பிள்ளைகளை என்ன, காக்கையையே நம்புவதில்லை. குழாயடியில் வைக்கிற சோப்பு ஒரு வாரம்கூடத் தாங்காததற்குக் காக்கை கொத்துவதுதான் காரணம் என்பது அவர் முடிவு.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்..." என்றாள் மனைவி.

"ஒண்ணும் சொல்லாத. வந்து ஒரு கை குடு."

இருவரும் உட்கார்ந்து பக்க முனைகளை மடக்கினார்கள். எல்லாம் இஸ்திரி போட்டதுபோல் ஒரே அளவில் வந்தது.

"பிள்ளைங்க மடிச்ச மாதிரியா இருக்கு? போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

சரியென்று டீயைத் தெளித்தார். அவசரத்தில் டம்ளரே கவிழ்ந்தது. யானைக் கதைப் புத்தகம் ஊறி, யானையைவிடத் தடியாக உப்பியது. வெயிலில் போட்டார், சருகாக மொரமொரத்தது. பிரித்துப் பார்த்தால் கடைசிப் பக்கம் கையோடு வந்துவிட்டது.

"ஐயோ, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"வாயை மூடுறியா இல்லையா!"

அந்தப் பக்கத்தைச் சட்டைப் பைக்குள் திணிக்கவும் வாசலில் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஆபீஸ் அம்மா நேராக யானைப் புத்தகத்தைத்தான் உருவினார். விதி!

"நல்லாவே புரட்டியிருக்காங்களே!"

"விடவே மாட்டாங்கம்மா. பிடுங்கித்தான் வைக்கணும்."

"அப்படியா?" அம்மா, வாசலில் எட்டிப்பார்த்த ஒரு சிறுமியைக் கூப்பிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். "இந்தக் கதை தெரியுமா கண்ணு?"

காப்பாளர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். அலமாரிப் பக்கம் வந்ததற்கே எத்தனையோ தடவை அவர் விரட்டிவிட்ட பிள்ளை அது.

சிறுமி புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. யானை குழியில் விழுந்ததில் தொடங்கி, எலிகள் மண்ணைத் தள்ளித் தள்ளி மேடாக்கி அதைக் கரையேற்றியதுவரை மூச்சுவிடாமல் சொன்னாள். சட்டைப் பைக்குள் கிடந்த கடைசிப் பக்கத்தையும் விடவில்லை.

அம்மா கைதட்டினார். காப்பாளருக்குப் போன உயிரில் பாதி திரும்பியது.

அப்போதுதான் சிறுமி கையிலிருந்ததைக் குனிந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"யாரு மாமா இப்படி நாசம் பண்ணது? நீங்க குறட்டை விடுறப்ப அத்தை சாவி எடுத்துக் குடுப்பாங்க, நாங்க சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தானே தொடுவோம்!"