ஒன்று முதல் நான்கு வரை

"சாஹேப், மணி ஒண்ணு பதினஞ்சு. படுத்துடுச்சு."

தொலைபேசியில் பேசியது காவலாளி பபன். கேட்டுக்கொண்டிருந்த கானிட்கரும் அப்போது படுத்துத்தான் இருந்தார். புனே நகரத்தில் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை வேறு என்ன செய்ய முடியும்? கடைகள் கதவைச் சாத்திவிடும். கடன் வாங்கியவனைத் தேடி வந்தவன்கூட நான்கு மணிக்கு மேல்தான் கதவைத் தட்டுவான்.

"சிவப்பு விளக்கெல்லாம்?"

"ஒண்ணுகூட எரியல சாஹேப். ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் பேசறேன்."

கானிட்கர் தொலைபேசியை வைத்துவிட்டு, பாயில் உட்கார்ந்தபடியே பெருமூச்சு விட்டார். தொடர்ந்து இருபத்து மூன்றாவது நாள்.

படுத்துக்கொண்டது சாதாரண இயந்திரம் அல்ல. நாடு தன் சொந்தக் கையால் கட்டிக்கொண்டிருந்த மீத்திறன் கணினி. பருவமழை எப்போது வரும், எங்கே பெய்யும் என்று கணக்குப் போட ஒரு பெரிய கணினி வேண்டுமென்று வெளிநாட்டில் கேட்டபோது, "உங்களுக்கு விற்க இயலாது" என்று மூன்று வரியில் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆய்வு மையத்தின் வாசலில் மாட்டியிருந்தார் தலைமைப் பொறியாளர் டாக்டர் ரோஹிணி சோமண். ஐந்து வருஷமாக அதைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே போனார்கள்.

கானிட்கர் விஞ்ஞானி இல்லை. நீர்ப்பாசனத் துறையிலிருந்து இரவலாக வந்த நிர்வாக அதிகாரி. மின்சாரம், நாற்காலி, தேநீர், அறிவிப்புப் பலகை எல்லாம் அவர் பொறுப்பு. அதிலும் அறிவிப்புப் பலகை எழுதுவதில் அவருக்கு ஒரு தனி ருசி இருந்தது. கணினி அறை வாசலில் அவர் மாட்டியிருந்தது இது: 'அனுமதி இல்லாதவர் எதையும் தொட்டால், தொட்ட கை ஆய்வுக்காக இங்கேயே வைத்துக்கொள்ளப்படும்.'

இந்தத் திட்டம் மூடப்பட்டால் அவர் பழையபடி நாந்தேட் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் மேலதிகாரி சரியாக இரண்டு மணிக்கு ஒவ்வொரு மேசையாகச் சுற்றி வருகிறவர்.

மார்ச் வரை சின்னச் சின்னக் கணக்குகளாகப் போட்டு, இயந்திரம் ஒழுங்காகத்தான் இருந்தது. மழைக்கணக்குக்கான நிரலை எழுதிய நிஷிகாந்த், கடைசி வரியை எழுதி முடித்த கையோடு அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். தங்கமான பையன். கேன்டீனில் இரண்டாவது சப்பாத்தி எடுப்பதற்குக்கூட "எடுத்துக்கலாமா?" என்று கேட்டு, பதில் வரும்வரை கையை நீட்டாமல் நிற்பான். நாற்பதாயிரம் வரி நிரலை எழுதி வைத்துவிட்டு, எந்த வரி எதற்கு என்று ஒரு வரிகூட எழுதி வைக்காமல் போனான்.

அந்தப் பெரிய கணக்கைத் தினமும் காலை எட்டு மணிக்குத் தொடங்கினார்கள். ஒன்றேகால் வரை நன்றாக ஓடும். அப்புறம் விளக்கும் திரையும் அணைந்து படுத்துவிடும். நான்கு மணிக்கு எழுப்பிச் சில்லறைக் கணக்குகள் கொடுத்தால் சமர்த்தாகப் போடும்.

"புனேயில பொறந்த மெஷின் ஆச்சே! ஒரு மணிக்கு மேல கண் அசராம என்ன செய்யும்?" என்று நகரம் முழுக்கச் சிரித்தது.

டாக்டர் சோமண் சிரிக்கவில்லை. அவர் மத்தியானம் தூங்காத அபூர்வ ரகம். தினமும் பன்னிரண்டே முக்காலுக்கே கையில் மீட்டரோடு கண்ணாடி அறைக்குள் போய், பெட்டியின் பின்பக்கம் தலையை நுழைத்துவிடுவார். ஒவ்வொரு மின்சுற்றுப் பலகையாகக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன.

"பலகையில கோளாறு இல்ல, கானிட்கர். மின்சாரமாத்தான் இருக்கணும். ஊர் பூரா மின்விசிறி போட்டுக்கிட்டுத் தூங்குது. மின்னழுத்தம் இறங்குது."

"கவலையை விடுங்க மேடம்," என்றார் கானிட்கர்.

மறுநாளே ஒரு டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு வந்து இறங்கியது. ஒரு மணிக்கு அதை முடுக்கினார்கள். தெருவே அதிர்ந்தது. ஒன்றேகாலுக்கு இயந்திரம் வழக்கம்போல் படுத்தது. ஆனால் பக்கத்து வீட்டு ஆகாஷே எழுந்துவிட்டார்.

ஆகாஷே ஓய்வுபெற்ற தலைமைத் தபால் அதிகாரி. சண்டை போட வரவில்லை. ஒரு பலகையோடு வந்து, வாயிற்கதவில் தாமே கட்டிவிட்டுப் போனார்: 'நாட்டின் எதிர்காலம் உள்ளே தயாராகிறது. நாட்டின் கடந்தகாலம் பக்கத்து வீட்டில் தூங்குகிறது. ஒன்று முதல் நான்கு வரை அமைதி.'

கானிட்கர் அதை இரண்டு முறை படித்தார். தொழில் தெரிந்தவன் எழுத்து. உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஒன்று முதல் நான்கு வரை ஜெனரேட்டரை நிறுத்தி வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அப்போ மிச்ச நேரத்துல அது எதுக்கு?" என்று கேட்டார் டாக்டர் சோமண்.

அடுத்த சந்தேகம் சூடு. கானிட்கர் குளிர்சாதனத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார். "இன்னிக்கு நானே உள்ள உக்காந்து காவல் காக்கறேன் மேடம். கண்ணை இமைக்க மாட்டேன்" என்று சூளுரைத்தார். மனைவி மந்தாகினியின் ஸ்வெட்டரையும் ஒரு சால்வையையும் போர்த்திக்கொண்டு, கண்ணாடி அறைக்குள் சிவப்பு விளக்குகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளியே ஆபரேட்டர் கமலாகர் வழக்கம்போல் ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே மேசையை ஒழுங்குபடுத்திவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குப் போனான். சில்லென்ற அறை. இதமான சால்வை. கானிட்கர் கண் திறந்தபோது மணி மூன்று ஐம்பத்தைந்து. பெட்டியின் பின்னாலிருந்து டாக்டர் சோமண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

"எது மேடம்?"

இயந்திரம் பிழைக்கவில்லை. கானிட்கருக்கு ஜலதோஷம் பிடித்தது.

மூன்றாவதாகப் பூஜை. இது பொறியாளர்களே கேட்டது. ஒரு மணிக்குத் தேங்காய் உடைத்து, சாமந்தி மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். புகை எச்சரிக்கை மணி அலறியது. ஒன்றரைக்குத் தீயணைப்பு வண்டி ஊளையிட்டுக்கொண்டு வந்து நின்றது. சாயங்காலம் வாயிற்கதவில் ஆகாஷேயின் இரண்டாவது பலகை தொங்கியது: 'முதல் பலகையையும் படிக்கவும்.'

அந்த வாரம்தான் டில்லியிலிருந்து கடிதம் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. குழுவின் கண் முன்னால் இயந்திரம் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை நிற்காமல் ஓடி, போன வருஷத்து மழையைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். நின்றால் திட்டம் மூடப்படும். வெளிநாட்டுக்காரர்கள் இப்போது மனமிரங்கி ஒரு பழைய கணினியைத் தரச் சம்மதித்திருக்கிறார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. அவர்கள் ஆள் ஒருவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நாம் என்ன கணக்குப் போடுகிறோம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

டாக்டர் சோமண் கடிதத்தை மடித்து வைத்தார். "அஞ்சு வருஷம், கானிட்கர். கடைசியில நம்ம மழையைக் கேக்கறதுக்கு அவன்கிட்ட கை கட்டி நிக்கணும்" என்றார். கானிட்கருக்கு முதல்முறையாக நாந்தேட் மறந்துபோய், இந்த அம்மாளுக்காக நெஞ்சு வலித்தது.

வீட்டில் அன்று அவர் ஒரு சப்பாத்தியோடு எழுந்துவிட்டார்.

"என்னங்க, மெஷினுக்கு வந்த வியாதி உங்களுக்கும் வந்துடுச்சா?" என்றாள் மந்தாகினி.

விஷயத்தைச் சொன்னார். அவள் பாத்திரத்தை ஒழித்துக்கொண்டே கேட்டாள்: "மெஷின் தூங்கறதை நிறுத்த முடியாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்போ பாக்க வர்றவங்களைத் தூங்க வைங்க. மாம்பழம் வந்தாச்சு. பழத்தைப் பிழிஞ்சு ஆம்ரஸ், பூரி, நெய் விட்டுப் பூரண்போளி. ஒரு மணிக்கு இலை போட்டா நாலு மணிக்கு முன்னால எந்த டில்லிக்காரன் எழுந்திருக்கறான்னு நானும் பாக்கறேன்."

கானிட்கர் மனைவியை மரியாதையோடு பார்த்தார்.

டாக்டர் சோமண் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏமாத்தறது எனக்குப் பிடிக்காது."

"யாரை ஏமாத்தறோம்? உபசரிக்கறோம் மேடம். அவங்க அசந்திருக்கற நேரத்துல நீங்க மெஷினை எழுப்பிடுங்க."

"மறுபடி முதல்லேருந்து ஓடும். எட்டு மணிக்குள்ள முடியாது."

"அவங்க விளக்கு எரியுதான்னுதான் பாப்பாங்க."

"நேரா கேட்டா உண்மையைத்தான் சொல்லுவேன்" என்றார் டாக்டர் சோமண் கடைசியில்.

குறித்த நாளில் குழு வந்தது. தலைவர் மாத்தூர் கனத்த மனிதர். கூட இரண்டு பேராசிரியர்கள். பின்னால் குறிப்பெழுத ஒரு தட்டச்சர், ஒல்லியாக, பெயர் கிர்தாரிலால். எட்டு மணிக்கு இயந்திரம் புறப்பட்டது. விளக்குகள் கண் சிமிட்டின. மாத்தூர் தலையசைத்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மந்தாகினி அனுப்பிய அண்டாக்கள் வந்து இறங்கின. கூடத்தில் வரிசையாக இலை விழுந்தது. கிர்தாரிலால் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"எனக்குச் சர்க்கரைங்க சார். வீட்லேருந்து ரொட்டி கொண்டாந்திருக்கேன். எங்கயாவது ஓரமா உக்காந்துக்கறேன்."

"எங்க வேணா உக்காருங்க ஐயா" என்றார் கானிட்கர் அவசரமாக. தட்டச்சரைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரமில்லை.

டாக்டர் சோமண் நைசாக நழுவப் பார்த்தார். மாத்தூர் விடவில்லை. "வீட்டுக்காரம்மா உக்காரலைன்னா விருந்தாளி எப்படிச் சாப்பிடறது? நீங்க கை வெக்கற வரைக்கும் நான் தொட மாட்டேன்."

உட்கார்ந்தார். ஊர் வழக்கப்படி விருந்தாளியை "இன்னும் ஒண்ணு, என் பேரைச் சொல்லி ஒண்ணு" என்று வற்புறுத்த வேண்டும். வற்புறுத்துகிறவரும் கூடவே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். மாத்தூர் பதினொரு பூரி. கானிட்கர் பதினொன்று. தினமும் ஒரு வாழைப்பழத்தோடு மத்தியானத்தை ஓட்டுகிற டாக்டர் சோமணின் இலையில் மூன்றாம் கிண்ணம் ஆம்ரஸ் விழுந்தது. ஒன்றரைக்கு மாத்தூர் திண்டில் சாய்ந்தார். பேராசிரியர்கள் ஜமக்காளத்தில் சரிந்தார்கள். 'இவர் குறட்டை விட்டதும் எழுந்து போய் மேடத்தைக் கூப்பிடணும்' என்று கானிட்கர் நினைத்தார். நினைத்தது அவ்வளவுதான்.

கண் விழித்தபோது மணி நாலேகால். எதிரே சுவரில் சாய்ந்தபடி டாக்டர் சோமணும் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மேடம்!"

இரண்டு பேரும் செருப்புப் போடாமல் ஓடினார்கள். கானிட்கரின் மனம் அதற்குள் நாந்தேட் போய் இறங்கி, வீடு தேடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன.

டாக்டர் சோமண் கமலாகரின் மேசைக்குப் பாய்ந்தார். அங்கே கிர்தாரிலால் காலி டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் பதறி எழுந்தார். திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நிக்கவே இல்ல. கானிட்கர், இது ரெண்டாவது பாதி. இதுவரைக்கும் நாம பார்த்ததே இல்ல" என்றார் டாக்டர் சோமண். அப்படியே தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

இரவு ஏழு நாற்பதுக்குக் கணக்கு முடிந்தது. போன வருஷத்து மழை ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் காகிதத்தில் பெய்திருந்தது. மாத்தூர் கையெழுத்துப் போட்டார். "வெளிநாட்டுப் பெட்டி வேண்டாம்னு எழுதிடறேன்" என்றார். பொறியாளர்கள் பெட்டிக்கு மறுபடி சாமந்தி மாலை போட்டார்கள். பூஜை கொஞ்சம் தாமதமாகப் பலித்தது என்றது ஒரு கட்சி. நாட்டு மானம் என்றதும் அதற்கே ரோஷம் வந்துவிட்டது என்றது இன்னொரு கட்சி. கானிட்கர் இரண்டு கட்சியிலும் சேர்ந்துகொண்டார்.

ஜீப் கிளம்பும்போது கிர்தாரிலால் அவரை ஓரமாக இழுத்தார். முகம் வெளிறியிருந்தது.

"சார், கோவிச்சுக்க மாட்டீங்களே? கையை வெச்சுக்குவீங்கன்னு பலகை வேற போட்டிருக்கீங்க. அதான் இவ்வளவு நேரம் சொல்லல."

"எதை?"

"சரியா ஒரு மணிக்கு அந்த மேசையில இருக்கற திரையில ஒரு வரி வந்துச்சு. 'முதல் பாதி முடிஞ்சது. மேலே போகலாமா? கால் மணியில பதில் இல்லைன்னா நிறுத்திக்கறேன்'னு. சுத்தி ஒருத்தரும் இல்ல. பாவம், இவ்வளவு மரியாதையா கேக்குதேன்னு நான்தான் 'ஆமா'ன்னு ஒரு பொத்தானை அமுக்கிட்டேன்."

கானிட்கர் அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக் குலுக்கினார்.

ஜீப்பில் ஏறப் போன கிர்தாரிலால் ஒரு காலைத் தரையில் வைத்தபடி திரும்பினார்.

"ஏன் சார், மத்த நாள்ல அது கேக்கறப்போ யாரு பதில் சொல்லுவாங்க?"