பன்னிரண்டாம் அத்தியாயத்தில் என் உயிர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. வீட்டில் நான் சௌக்கியம். கதையில்தான் மூச்சுத் திணறல். வருகிற வெள்ளிக்கிழமையைத் தாண்டுவேனா என்பது உன் வீட்டில் இருக்கும் ஐந்து போன்களின் கையில் இருக்கிறது. போனிலேயே சொல்லியிருப்பேன், மகள் காதில் விழும் என்றுதான் கடிதம்.

அவள் இணையத்தில் வாரம் ஓர் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதுகிறாள் அல்லவா? அடுத்து என்ன நடக்கவேண்டும் என்று வாசகர்களையே கேட்டு, ஓட்டு எடுத்து, அதன்படி எழுதுகிறாள். சாப்பிட வந்தவனைக் கேட்டா உலை வைப்பார்கள் என்றேன். "எல்லாரும் சேர்ந்து எழுதுறோம்ப்பா, அதுல என்ன தப்பு?" என்றாள். எழுதித் தொலையட்டும் என்று விட்டேன். சும்மா இருக்காமல் போன மாதம் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது படித்துத் தொலைத்தேன். அதில் ஓர் அப்பா வருகிறார். ஆள் இல்லாத அறையில் ஃபேனை அணைக்கிறார். ஆள் இருக்கும் அறையிலும் அணைக்கிறார். டூத்பேஸ்ட்டைக் கத்தரித்து உள்ளே வழிக்கிறார். மகள் வாங்கிய செருப்பைப் பார்த்து, "இது நடக்கவா, காட்டவா?" என்கிறார். தம்பி, அது சாட்சாத் நான்தான்! செருப்பின் நிறம்கூட மாறவில்லை.

பெற்ற பெண்தானே, நாலு பேர் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பொறுத்தேன். ஆனால் வாசகர்கள் சிரிக்கவில்லை, கொதிக்கிறார்கள். "இந்தக் கிழத்துக்கு ஒரு மாரடைப்பு வராதா?" என்று ஓர் அம்மாள் யோசனை சொல்ல, எழுநூறு பேர் கைதட்டியிருக்கிறார்கள். இவளும் பதினோராம் அத்தியாயத்தில் என்னைக் கட்டிலில் கிடத்திவிட்டு, 'பிழைக்கலாமா, வேண்டாமா?' என்று ஓட்டுக்கு விட்டுவிட்டாள்.

நான் விடுவேனா? 'நடுநிலை வாசகன்' என்ற பெயரில் நுழைந்து கருத்து எழுதினேன். அந்த மனுஷர் நல்லவர்மா, அந்தப் பொண்ணுக்கு அம்மை போட்டப்போ பதினெட்டு நாள் லீவு போட்டுட்டுப் பக்கத்துலயே கிடந்தாரே, அதெல்லாம் மறந்துடலாமான்னு கேட்டேன். அனுப்பின பிறகுதான் உறைத்தது, கதையில் அம்மையே வரவில்லை. 'நல்ல யோசனை, நன்றி ஐயா' என்று மட்டும் பதில் போட்டிருந்தாள்.

இப்போதைக்குச் சாகச் சொல்பவர்கள்தான் அதிகம். நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் 'பிழைக்கலாம்' என்று போடுங்கள். உன் மாமியாருக்கு என்மேல் பழைய கோபம் ஒன்று உண்டு, அதனால அவங்க போனை மட்டும் நீயே வாங்கிப் போட்டுடு.

உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும். என்னையும் ஒரு நாலு அத்தியாயம் வாழவிடுங்கள்.

இப்படிக்கு,
உயிர் ஊசலாடும் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடி அவள் மேசைக்குப் போனேன். இரண்டு முடிவையும் முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறாள். பிழைத்தால் முக்கால் பக்கம். எழுந்து உட்கார்ந்து கஞ்சி ஆறிப்போச்சு என்கிறேன், அவ்வளவுதான். செத்தால் பதினாலு பக்கம். அந்தப் பெண் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "எழுந்து ஒரு தடவை திட்டிட்டுப் போங்கப்பா, நீங்க திட்டாத வீட்டுல எனக்கு இருக்கத் தெரியாதுப்பா"ன்னு அழறா. நேரில் இவள் என்னிடம் பேசுவது 'சரிப்பா', 'வரேன்ப்பா' இரண்டுதான். நின்றபடியே இரண்டு முறை படித்தேன், கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. அதனால தம்பி, மேலே எழுதினதை விட்டுடு, எல்லாரும் சேர்ந்து என்னைச் சாகடிச்சுடுங்க. நான் என் ஓட்டைப் போட்டுட்டேன்.